தமிழ் காமிக்ஸ் சேகரிப்பு

பழைய தமிழ்ச் சித்திரக்கதை இதழ்களைத் தேடி வாங்கி, நிலை பார்த்து, விலை வைத்துப் பாதுகாக்கும் வழக்கம். பெரிதும் நாடப்படுபவை சிவகாசியில் 1972இல் ‘இரும்புக்கை மாயாவி’யுடன் தொடங்கிய முத்து காமிக்ஸ், 1984இல் வந்த லயன் காமிக்ஸ், அதே ஆண்டு வெளிவரத் தொடங்கிய ராணி காமிக்ஸ் ஆகியவற்றின் தொடக்க இதழ்கள்.

அமெரிக்காவில் சி.ஜி.சி. நிறுவனம் இதழுக்கு 0.5 முதல் 10 வரை மதிப்பெண் இட்டு, உறையிலிட்டு முத்திரை வைக்கிறது. ஆனால் தமிழ் இதழ்களைக் கண்ணும் கையும்தான் மதிப்பிடுகின்றன. முதலில் அட்டையைப் பார்ப்பார்கள், பிறகு நடுப்பக்கம் இருக்கிறதா என்பதை. இதழைத் தைத்த கம்பி துருவேறி அங்கேதான் தாள் முதலில் கழன்றுவிடும். வாடகை நூலக முத்திரை, பேனாவில் எழுதிய பெயர், நிரப்பப்பட்ட குறுக்கெழுத்து எல்லாம் விலையைக் குறைக்கும். பல இதழ்களைச் சேர்த்து பைண்டு செய்தால் கதைகள் தப்பும். ஆனால் ஓரம் வெட்டுப்படுவதால் தனி இதழின் மதிப்பு போய்விடும். ஆனாலும் பல அரிய கதைகளைக் காத்துத் தந்தவை அந்த பைண்டுகளே. அவற்றைக் குறைத்து மதிப்பது நியாயமல்ல.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி போன்ற புறநகர்களின் பழைய பேப்பர் கடைகளில் எடைக்குப் போகும் கட்டுகளிலும் பழைய காமிக்ஸ் இதழ்கள் கிடைக்கக்கூடும். பழைய புத்தகக் கடைகளுக்குப் பெயர்பெற்ற சென்னை மூர் மார்க்கெட் 1985இல் எரிந்துபோனது பேரிழப்பு. மறுபதிப்புகள் வாசகரின் பசியைத் தீர்க்கின்றன. ஆனாலும் முதல் பதிப்பைத் தேடுவோர் குறையவில்லை. இந்த இதழ்கள் அச்சான செய்தித்தாள் காகிதம் அமிலத்தால் பழுப்பேறி நொறுங்கும். ஈரமும் வெயிலும் படாமல், அமிலமற்ற அட்டை வைத்து நிமிர்த்தி அடுக்குவது நல்லது.