புரத நீக்கி: கடல்நீர்த் தொட்டியில் நுரையின் வரலாறு

புரத நீக்கி என்பது கடல்நீர் மீன்தொட்டியில் கரைந்துள்ள உயிர்க்கழிவுகளைக் காற்றுக்குமிழிகளின் துணையால் நுரையாக்கி வெளியேற்றும் கருவியாகும். மீன் வளர்ப்போரிடையே 'புரோட்டீன் ஸ்கிம்மர்' என்ற பெயரே வழக்கில் உள்ளது. பருப்பு வேகும்போது மேலே திரளும் நுரையைக் கரண்டியால் வழித்தெடுப்பதைப் பார்த்தவர்களுக்கு இதன் அடிப்படை எளிதில் விளங்கும்.

புரதம், கொழுப்பு போன்றவற்றின் மூலக்கூறுகளில் ஒரு பகுதி நீரை நாடும். மற்றொரு பகுதி நீரை விலக்கும். ஆகவே அவை நீரும் காற்றும் சந்திக்கும் பரப்பில் ஒட்டிக்கொள்கின்றன. குமிழி சிறிதாக இருந்தால் அதே அளவு காற்றுக்குக் கிடைக்கும் பரப்பு கூடும். கடல்நீரின் உப்பு, குமிழிகள் ஒன்றுகூடிப் பெரிதாவதைத் தடுக்கிறது. நன்னீர்த் தொட்டியில் இக்கருவி பெரும்பாலும் பயன்படாமல் போவதற்கு இதுவே காரணம்.

தொடக்கம்

1846இல் அன்னா தைன் என்ற ஆங்கிலப் பெண்மணி டார்க்கி கடற்கரையிலிருந்து கல்பவளங்களை லண்டனுக்குக் கொண்டுவந்தார். அவற்றை உயிருடன் வைத்திருக்க அவர் கண்ட வழி, தொட்டி நீரைத் திறந்த சன்னலருகே பாத்திரத்துக்குப் பாத்திரம் ஊற்றி ஆற்றுவது. டீ ஆற்றுவதுபோல நாள்தோறும் அரைமணி நேரத்துக்கும் மேலாக இதைச் செய்தவர் அவர் வீட்டுப் பணிப்பெண். லண்டனின் முதல் கடற்பவளங்கள் அவருடைய கைகளால் பிழைத்தன என்றே சொல்லலாம்.

1853இல் லண்டன் விலங்கியல் பூங்காவில் பொதுமக்களுக்கான மீன் காட்சியகம் திறக்கப்பட்டது. மறு ஆண்டு பிலிப் ஹென்றி காஸ் எழுதிய நூல் வெளிவந்ததும் இங்கிலாந்தில் கடல்தொட்டி மோகம் பரவியது. கடற்கரைப் பாறைக்குழிகளில் வாழ்ந்த உயிரினங்களை மக்கள் கூட்டங்கூட்டமாக அள்ளிச்சென்றனர். தந்தையின் நூல்கள் தூண்டிய இந்தச் சூறையாடலை மகன் எட்மண்ட் காஸ் 1907இல் வெளியிட்ட தம் நினைவு நூலில் வருத்தத்துடன் பதிவுசெய்துள்ளார்.

அந்நாளில் தொட்டிநீர் ஏன் நஞ்சாகிறது என்பது தெளிவாகவில்லை. செடி, மீன், நத்தை மூன்றும் சமநிலையில் இருந்தால் நீர் கெடாது என்று 1850இல் வேதியியலாளர் ராபர்ட் வாரிங்டன் விளக்கினார். செடி உயிர்வளி தரும் என்ற அளவில் அது சரி. ஆனால் மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா நைட்ரைட்டாகவும், பின்னர் நைட்ரேட்டாகவும் இரு படிகளில் மாறுவதைப் பிற்காலத்தில் ராதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் ஆராய்ந்து காட்டியவர் அவருடைய மகன். அவர் பெயரும் ராபர்ட் வாரிங்டனே.

கடலருகே அமைந்த காட்சியகங்களுக்குப் புதிய நீர் கிடைப்பது எளிது. எட்கர் தர்ஸ்டனின் முயற்சியால் 1909இல் தொடங்கப்பட்ட சென்னை மெரினா மீன் காட்சியகம் கடற்கரையிலேயே அமைந்திருந்தது. கடலுக்குத் தொலைவில் இருந்தவர்களின் பாடுதான் திண்டாட்டம். லண்டன் கிரிஸ்டல் பேலஸ் காட்சியகத்தை 1871இல் வடிவமைத்த வில்லியம் ஆல்ஃபர்ட் லாயிட், தரைக்கடியில் இருண்ட பெரிய தேக்கம் அமைத்து நீரைச் சுழலவிட்டார். இன்றைய தொட்டிகளுக்குக் கீழே வைக்கப்படும் 'சம்ப்' இதன் சிறிய வடிவம் எனலாம்.

ஜெர்மானியர்களின் பங்கு

நுரையால் பொருள்களைப் பிரிக்கும் முறை சுரங்கத் தொழிலில் முன்பே இருந்தது. ஆஸ்திரேலியாவின் புரோக்கன் ஹில்லில் 1900களின் தொடக்கத்திலேயே தாதுவை நுரையில் மிதக்கவிட்டுப் பிரித்தனர். மீன்தொட்டிக்கு அது வந்தது பல பத்தாண்டுகள் கழித்து ஜெர்மனியில்தான். 1960களில் எர்வின் சாண்டர் போன்றோர் இதைக் கருவியாகப் பரப்பினர். நெடிய குழாயில் நீர் மேலிருந்து இறங்கும். மரத்துண்டின் நுண்துளைகள் வழியாகக் காற்று கீழிருந்து ஏறும். எதிரெதிராகச் செல்வதால் இரண்டும் தொட்டுக்கொண்டிருக்கும் நேரம் கூடியது.

ஏறத்தாழ அதே காலத்தில், 1961இல், ஜகார்த்தாவின் லீ சின் எங் உயிர்ப்பாறையும் காற்றுக்குமிழியும் மட்டும் கொண்டு தொட்டி நடத்துவதை எழுதினார். உயிர்ப்பாறையையும் வலுவான புரத நீக்கியையும் இணைத்ததே பின்னர் 'பெர்லின் முறை' எனப் பெயர்பெற்றது. அமெரிக்காவிலோ 1986இல் ஜார்ஜ் ஸ்மிட் எழுதிய கட்டுரைகளுக்குப் பின் சொட்டுநீர் வடிகட்டி பிரபலமானது. அது அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றியதே தவிர நைட்ரேட்டை நீக்கவில்லை. கழிவு அழுகும் முன்பே அதை எடுத்துவிடும் பெர்லின் முறை 1990களில் அங்கும் வேரூன்றியது. பின்னர் முள்போன்ற பற்கள் கொண்ட சக்கரத்தைப் பம்புக்குள் வைத்துக் குமிழியை நொறுக்கும் வகை பரவி, கருவி உயரம் குறைந்து அலமாரிக்குள் அடங்கியது.

பொருத்துதலும் சீர்செய்தலும்

புதிய கருவி முதல் சில நாள்கள் ஒழுங்காக நுரைக்காது. உற்பத்தியின்போது படிந்த எண்ணெய்ப்பசை கழுவப்பட்டு, உட்புறத்தில் உயிர்ப்படலம் படியும்வரை அது நுரைக்காமலும் இருக்கலாம், பொங்கி வழியவும் செய்யலாம். இந்நாள்களில் வால்வை அடிக்கடி திருகுவோரே பலர், அது வீண்வேலை.

கவனிக்கவேண்டியது சம்ப் நீர்மட்டம். அது ஏறி இறங்கினால் கருவிக்குள் இருக்கும் மட்டமும் மாறும். எந்தச் சீரமைப்பும் நிற்காது. ஆகவே நீர்மட்டம் மாறாத அறையில், தயாரிப்பாளர் கூறும் ஆழத்தில் கருவியை வைக்கவேண்டும். உள்மட்டத்தைத் தாழ்வாக வைத்துத் தொடங்கி, ஒரு நாளைக்குச் சிறிது என உயர்த்துவது பாதுகாப்பு. மட்டம் உயர்ந்தால் வெளிர்தேநீர் நிறத்தில் நிறைய நீர் சேரும். தாழ்ந்தால் கறுத்த, கெட்டியான, நாற்றமுள்ள கழிவு குறைவாகச் சேரும். கறுத்தது நல்லது என்று பலர் நம்பினாலும், வெளிர்நிறக் கழிவோடு மொத்தத்தில் அதிகப் பொருள் வெளியேறக்கூடும்.

கிண்ணத்தின் கழுத்தில் பசை படிந்தால் நுரை ஏறாது. வாரம் ஒருமுறையாவது துடைக்கவேண்டும். காற்றுக்குழாய் வாயில் உப்புப் படிந்தாலும் குமிழி குறையும். எண்ணெய்ச்சத்துள்ள தீனியோ கையில் பூசிய கிரீமோ நீரில் கலந்தால் நுரை சட்டென அடங்கி, சில மணி நேரத்தில் மீளும்.

இத்தனைக்குப் பிறகும் கருவி எல்லாவற்றையும் நீக்குவதில்லை. 2009இல் பென்சில்வேனியா ஸ்டேட் பல்கலைக்கழக வேதியியலாளர் கென் ஃபெல்ட்மானும் அவரது குழுவினரும் அளந்தபோது, சோதித்த கருவிகள் நீரிலிருந்த மொத்தக் கரிமக் கார்பனில் சுமார் 20 முதல் 35 விழுக்காட்டையே எடுத்தன. வகைகளுக்கிடையே வேறுபாடும் விளம்பரங்கள் சொல்லும் அளவுக்கு இல்லை. எஞ்சியதற்குப் பகுதி நீர்மாற்றமும் கரித்துகளும் தேவைப்படுகின்றன.