மலையைப் பிளந்த கைகள்



கினபாலு மலை எவ்வளவு உயரம் என்று உங்கள் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். 4,095 மீட்டர் என்று டக்கென்று சொல்லிவிடுவார்கள். அந்த உச்சியைவிட ஏறக்குறைய 600 மீட்டர் அதிக உயரத்தில் லாரியும் பஸ்ஸும் ஓடுகின்றன என்றால் நம்புவீர்களா? நம்பத்தான் வேண்டும். அதுதான் குஞ்செராப் கணவாய். உயரம் 4,693 மீட்டர். பாகிஸ்தானையும் சீனாவையும் இணைக்கும் காரகோரம் நெடுஞ்சாலை இதன் வழியாகத்தான் செல்கிறது.

இந்த மலைகளை மனிதன் கடப்பது இன்று நேற்றுத் தொடங்கியதல்ல. கி.பி. 399-இல் சீனாவிலிருந்து புறப்பட்ட பௌத்தத் துறவி பாஹியான் இந்தப் பக்கத்து மலைகளைத் தாண்டித்தான் சிந்து நதிக்கரைக்கு வந்தார். செங்குத்தான பாறையில் வெட்டிய வழியில் இறங்கியதையும், கயிற்றுப் பாலத்தில் ஆற்றைக் கடந்ததையும் எழுதி வைத்திருக்கிறார். ஊர் திரும்பும்போது இலங்கையில் கப்பல் ஏறி, நமது தென்கிழக்காசியக் கடல் வழியாகப் போய்ச் சேர்ந்தார்.

காலால் நடப்பதே பெரும்பாடு என்றால், அங்கே தார்ச்சாலை போடுவது சும்மாவா? இஸ்லாமாபாத்துக்குப் பக்கத்திலுள்ள ஹசன் அப்தாலிலிருந்து சீனாவின் காஷ்கர் வரை சுமார் 1,300 கிலோமீட்டர். 1960-களில் வேலை சூடு பிடித்தது. 1979-இல் ஒருவாறு முடிந்தது. வெளிநாட்டுப் பயணிகளுக்குக் கணவாய் திறந்துவிடப்பட்டது 1986-இல்தான்.

வேலை எப்படி நடந்தது தெரியுமா? மனிதர்கள் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு பாறையில் தொங்கினார்கள். துளை போட்டார்கள், வெடி வைத்தார்கள். அந்த உயரத்தில் ஒரு மூச்சில் கிடைக்கும் பிராணவாயு, கடலோரத்தில் நமக்குக் கிடைப்பதில் பாதிக்குச் சற்றுத்தான் மேல். நாலு எட்டு வைத்தாலே மூச்சு வாங்கும். தலை விண் விண்ணென்று வலிக்கும். தண்ணீர்கூட 85 பாகை வாக்கிலேயே கொதித்துவிடும். அதனால் சாதம் லேசில் வேகாது. அந்த நிலையில்தான் சம்மட்டி தூக்கினார்கள்!

மண்சரிவிலும், பள்ளத்தில் விழுந்தும் சுமார் 800 பாகிஸ்தானியரும் 200 சீனரும் மாண்டார்கள். மொத்தம் ஆயிரம் உயிர். கில்கித் நகருக்கு அருகே சீனத் தொழிலாளர்களின் கல்லறைத் தோட்டம் ஒன்று இருக்கிறது. ஊருக்குத் திரும்பாமலே அங்கே உறங்குகிறார்கள்.

சாலை போட்டதோடு கதை முடியவில்லை, ஐயா. அந்த மலைகள் இன்னும் வளர்ந்துகொண்டிருப்பவை. பாறை இடுக்கில் புகுந்த தண்ணீர் இரவில் உறைந்து பாறையைப் பிளக்கிறது; கீழே ஆறு அடிவாரத்தை அரிக்கிறது. 2010 ஜனவரி 4-ஆம் தேதி அத்தாபாத் என்னும் இடத்தில் மலையே சரிந்து ஹுன்சா ஆற்றை மறித்தது. 20 பேர் இறந்தார்கள். தேங்கிய நீர் ஏரியாகி, 20 கிலோமீட்டருக்கு மேற்பட்ட சாலையை விழுங்கிவிட்டது. ஐந்து ஆண்டுகள் மக்களும் சரக்கும் படகில்தான் போய் வந்தார்கள். 2015-இல் சுரங்கவழிகள் குடைந்து மறுபடியும் பாதை கண்டார்கள்.

இன்னொரு வேடிக்கை: பாகிஸ்தானில் நம்மைப்போல் இடப்பக்கம் வண்டி ஓட்டுவார்கள்; சீனாவில் வலப்பக்கம். எல்லையைத் தாண்டியதும் ஓட்டுநர் பக்கம் மாற வேண்டும்!

மாணவர்களே, தேசப்படத்தில் ஒரு சாலை மெல்லிய கோடாகத்தான் தெரியும். அதை வெட்டியவர்கள் யார் என்று கேளுங்கள். மலாயாவில் சாலையும் ரயில் பாதையும் போட்டவர்களில் நம்ம தாத்தாமார்களும் உண்டு. அவர்களில் எத்தனை பேர் பெயரை நாம் எழுதி வைத்திருக்கிறோம்? பெற்றோர்களே, உங்களுக்குத் தெரிந்ததைப் பிள்ளைகளிடம் இன்றைக்கே சொல்லுங்கள். பிள்ளைகளே, நீங்கள் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். சொல்ல ஆள் இருக்கும்போதே எழுதினால்தான் அது வரலாறு.

உழைப்பவர் வாழ்க!