கதவைச் சாத்தியவர் மேல் விழுந்த பழி: டிசி-10 விமானத்தின் கதை

விமான விபத்துன்னு சொன்னதும் நமக்கு மழை, மின்னல், விமானியின் தவறு இதெல்லாம்தான் ஞாபகத்துக்கு வரும். இந்த எபிசோடில் நான் பேசப்போவது ஒரு கதவைப் பற்றி. பெட்டி படுக்கைகளை ஏற்றும் சரக்கறைக் கதவு. அது திறந்துகொள்ளும் என்பது முன்கூட்டியே தெரிந்திருந்தது. எழுத்திலேயே இருந்தது. அப்புறமும் 346 பேர் செத்துப்போனார்கள். அது எப்படி நடந்தது என்பதைப் படிப்படியாகப் பார்க்கலாம்.

இரண்டு கம்பெனிகளின் ஓட்டப்பந்தயம்

1960களின் கடைசியில் அமெரிக்காவில் இரண்டு கம்பெனிகள் ஏறக்குறைய ஒரே மாதிரி விமானத்தைக் கட்டிக்கொண்டிருந்தன. ஒன்று லாக்ஹீட் கம்பெனியின் டிரைஸ்டார். இன்னொன்று மெக்டொனல் டக்ளஸின் டிசி-10. இரண்டுக்கும் மூன்று இஞ்சின், இரண்டும் அகலமான உடல் கொண்டவை, இரண்டையும் வாங்கப்போவது அதே விமான சேவைக் கம்பெனிகள்தான். யார் முதலில் பறக்கிறார்களோ அவர்களுக்கு ஆர்டர். டிசி-10 முதலில் பறந்தது 1970 ஆகஸ்ட் 29. டிரைஸ்டார் அதே வருடம் நவம்பர் 16. வித்தியாசம் மூன்று மாதம்கூட இல்லை, பாருங்க. இந்த அவசரத்தை மனசில் வச்சுக்கோங்க.

இப்போ கதவுக்கு வருவோம். பயணிகள் ஏறும் கதவு பெரும்பாலும் பாட்டில் தக்கை மாதிரி. உள்ளிருந்து காற்று தள்ளத் தள்ள அது இன்னும் இறுக்கமாக உட்காரும். சரக்கறைக் கதவை அப்படி உள்பக்கமாகத் திறக்க வைத்தால் உள்ளே சாமான் வைக்கிற இடம் வீணாகும். அதனால் டிசி-10ல் அது வெளிப்பக்கமாகத் திறந்தது. அப்படின்னா உயரே போகப் போக உள்ளே இருக்கும் காற்று கதவை வெளியே தள்ளிக்கிட்டே இருக்கும். சதுர அங்குலத்துக்கு 4 பவுண்டு அழுத்த வித்தியாசம் என்று வைத்துக்கொண்டாலே, ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் பரப்பின் மேல் கிட்டத்தட்ட மூன்று டன் சுமை. அந்தச் சுமையைத் தாங்கவேண்டியது கதவின் கொக்கிகள்.

அந்தக் கொக்கிகளை ஹைட்ராலிக் முறையில் இயக்கலாம் என்பது முதல் யோசனை. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் மின்மோட்டார் போதும் என்றது. ஒரு கதவுக்கு 28 பவுண்டு எடை மிச்சம். மோட்டார் கொக்கிகளை முழுசா ஓட்டி முடித்தால் பிரச்சினை இல்லை. பாதியில் நின்றுவிட்டால்? அதற்குத்தான் வெளியே ஒரு கைப்பிடி. கொக்கி சரியாக விழாவிட்டால் கைப்பிடி மூடவே மூடாது என்பது வடிவமைத்தவர்களின் கணக்கு. ஆனால் உள்ளே இருந்த இணைப்புக் கம்பிகள் பலவீனமானவை. கொஞ்சம் பலமாக அழுத்தினால் அவை வளைந்து கொடுத்தன. கைப்பிடி மூடிக்கொண்டது, கதவிலிருந்த சின்னக் காற்றுத் துவாரமும் மூடிக்கொண்டது, விமானி அறையில் எச்சரிக்கை விளக்கும் அணைந்தது. எல்லா அடையாளமும் ‘பூட்டியாச்சு’ என்று சொன்னது. கதவு பூட்டவில்லை.

கதவு போனால் தரை ஏன் இடிகிறது?

நிறைய பேர் கேட்கிற கேள்வி இது: சரக்கறைக் கதவு போனால் போகட்டும், விமானம் ஏன் விழணும்? மேலே பயணிகள் அறை, கீழே சரக்கறை, நடுவில் ஒரு தரை. கதவு பிய்ந்ததும் கீழே இருக்கிற காற்று ஒரே நொடியில் வெளியே போய்விடும். மேலே காற்று அப்படியே இருக்கும். அது தரையைக் கீழ்நோக்கி அழுத்தும். அகலமான விமானத்தில் தரையின் பரப்பு பெரிது, ஆகவே சுமையும் பெரிது. தரை உடைந்து இறங்கும். டிசி-10ல் வால் பகுதியை இயக்கும் கேபிள்கள் அந்தத் தரையோடு சேர்ந்தே ஓடின. தரை போனால் விமானி கையில் இருக்கிற கட்டுப்பாடும் போச்சு.

இது ஏட்டுக் கணக்கு மட்டும் இல்லை. 1970 மே மாதம், விமானம் முதல்முறை பறப்பதற்கும் முன்னால், தரையில் நடந்த அழுத்தச் சோதனையில் இதே கதவு பிய்ந்தது, தரையும் இடிந்தது. கதவைச் சரியாக மூடாத மெக்கானிக்கின் தவறு என்று முடித்தார்கள். இந்த வாக்கியத்தையும் ஞாபகம் வச்சுக்கோங்க. மறுபடி வரும்.

விண்ட்சர், 1972

1972 ஜூன் 12. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 96, டெட்ராய்ட்டிலிருந்து கிளம்புகிறது. பயணிகள் 56, ஊழியர்கள் 11. பின்பக்கச் சரக்கறைக் கதவு மூட மறுத்ததால் சாமான் ஏற்றுபவர் முழங்காலை வைத்துக் கைப்பிடியை அழுத்தி மூடியிருந்தார். மூடச் சிரமமாக இருந்தது என்று மெக்கானிக்கிடமும் சொன்னார். விமானம் புறப்பட அனுமதி கிடைத்தது. கனடாவின் விண்ட்சர் நகருக்கு மேலே, சுமார் 11,750 அடி உயரத்தில் கதவு பிய்ந்தது. தரையின் ஒரு பகுதி இறங்கியது. வாலின் கட்டுப்பாடுகள் பாதி போய்விட்டன. சரக்கறையில் இருந்த ஒரு சவப்பெட்டி வெளியே விழுந்தது.

கேப்டன் பிரைஸ் மெக்கார்மிக். வால் கட்டுப்பாடு போனால் இஞ்சின்களின் வேகத்தைக் கூட்டிக் குறைத்தே விமானத்தைத் திருப்ப முடியுமா என்று அவர் ஏற்கெனவே சிமுலேட்டரில் பழகிப் பார்த்திருந்தார். அதே வித்தையால் விமானத்தை டெட்ராய்ட்டில் இறக்கினார். 67 பேரும் பிழைத்தார்கள்.

என்னைப் பொறுத்தவரை கதையின் முக்கியமான இடம் இதுதான். ஒரு உயிரும் போகாமல் முழு உண்மையும் கையில் கிடைத்துவிட்டது. அமெரிக்க விசாரணை அமைப்பான என்டிஎஸ்பி இரண்டே பரிந்துரை சொன்னது. ஒன்று, கொக்கி விழாமல் கைப்பிடியை மூடவே முடியாதபடி செய்யுங்கள். இரண்டு, காற்று மேலும் கீழும் போக தரையில் வழி விடுங்கள். இதைக் கட்டாயமாக்க வேண்டியது எஃப்ஏஏ, அதாவது அமெரிக்க விமானத் துறையின் ஒழுங்குமுறை அமைப்பு.

இங்கே ஒரு வித்தியாசத்தைச் சொல்லணும். விமானத்தில் குறை தெரிந்தால் இரண்டு வகையான காகிதம் வரும். ஒன்று ‘சர்வீஸ் புல்லட்டின்’. தயாரிப்பாளர் கொடுப்பது. அறிவுரை மாதிரி. இன்னொன்று ‘ஏர்வொர்தினஸ் டைரக்டிவ்’. அரசு கொடுப்பது. செய்யாவிட்டால் பறக்கக் கூடாது. எஃப்ஏஏவின் லாஸ் ஏஞ்சலஸ் அலுவலகம் இரண்டாவது வகைக் காகிதத்தைத்தான் தயார் செய்தது. ஆனால் டக்ளஸ் பிரிவின் தலைவர் ஜாக்சன் மெக்கோவன், எஃப்ஏஏ தலைவர் ஜான் ஷாஃபரோடு தொலைபேசியில் பேசினார். நாங்களே சரிசெய்துகொள்கிறோம், உத்தரவு வேண்டாம் என்று பேசி முடிந்தது. பெரிய மனிதர்களுக்குள் ஒரு வாய்வார்த்தை உடன்பாடு. உத்தரவு என்றால் ஊருக்கே தெரியும். புல்லட்டின் கம்பெனிகளுக்குள்ளேயே நின்றுவிடும். விற்பனைப் போட்டி உச்சத்தில் இருந்த நேரத்தில் அந்த வித்தியாசம் சின்னது இல்லை.

ஓர் இஞ்சினியர் எழுதிய கடிதம்

கதவையும் உடற்பகுதியையும் துணை ஒப்பந்தத்தில் கட்டியது சான் டியாகோவில் இருந்த கான்வேர் கம்பெனி. அங்கே டிசி-10 பணிக்குப் பொறுப்பாக இருந்த இஞ்சினியர் டான் ஆப்பிள்கேட். விண்ட்சர் சம்பவம் நடந்து 15 நாள் கழித்து, ஜூன் 27ஆம் தேதி, தன் மேலதிகாரிக்கு ஒரு குறிப்பு எழுதினார். அடுத்த இருபது வருடங்களில் இந்தக் கதவுகள் திறந்துகொள்வது தவிர்க்க முடியாதது, அப்படித் திறந்தால் பெரும்பாலும் விமானமே போய்விடும் என்பதுதான் அதன் சாரம். கதவுக்கு ஒட்டுப்போட்டால் பத்தாது, தரையைச் சரிசெய்யணும் என்றார்.

மேலிடம் அவரைத் திட்டவில்லை. அவர் சொன்னது தப்பு என்றும் சொல்லவில்லை. விஷயத்தை நாம் கிளப்பினால் செலவு நம் தலையில் விழும் என்பதுதான் பதில். ஒப்பந்தப்படி கான்வேர் நேரடியாக எஃப்ஏஏவிடம் போகவும் முடியாது. குறிப்பு ஃபைலுக்குள் போய்விட்டது.

இதைப் படித்தபோது எனக்கு உறுத்தியது என்னவென்றால், இதில் வில்லன் என்று ஒருவரைக் கைகாட்டுவது சிரமம். ஒவ்வொருவரும் தன் நாற்காலியில் உட்கார்ந்து தன் கம்பெனிக்கு நஷ்டம் வராமல் பார்த்துக்கொண்டார்கள். பறக்கப்போகிறவர்களுக்காகப் பேச வேண்டிய நாற்காலி எஃப்ஏஏவுடையது. அது ஒரு தொலைபேசி அழைப்பில் சமாதானம் ஆகிவிட்டது.

பாரிஸ், 1974

1974 மார்ச் 3, ஞாயிற்றுக்கிழமை. துருக்கி ஏர்லைன்ஸ் 981, இஸ்தான்புல்லில் இருந்து பாரிஸ் ஓர்லி வழியாக லண்டன். அன்று பிரிட்டிஷ் தரப்பில் வேலைநிறுத்தம். லண்டன் போகவேண்டியவர்கள் பலர் இந்த விமானத்துக்கு மாறினார்கள். பிரான்ஸ்-இங்கிலாந்து ரக்பி ஆட்டத்துக்காக வந்திருந்தவர்களும் அதில் இருந்தார்கள். மொத்தம் 346 பேர்.

கிளம்பிய சில நிமிடங்களில் அதே பின்பக்கக் கதவு பிய்ந்தது. விண்ட்சரில் விமானம் காலியாக இருந்தது, தரை பாதி தாங்கியது. இங்கே விமானம் நிறைந்திருந்தது. தரை இறங்கியது, இருக்கைகளோடு ஆறு பயணிகள் வெளியே இழுக்கப்பட்டார்கள், கேபிள்கள் போயின. சுமார் 77 விநாடிகளில் விமானம் எர்மனோவில் காட்டில் விழுந்தது. ஒருவரும் பிழைக்கவில்லை. அதுவரை உலகம் பார்த்த மிகப்பெரிய விமான விபத்து அது.

முதல் பழி யார் மேல் விழுந்தது தெரியுமா? ஓர்லியில் கதவைச் சாத்திய தொழிலாளி மேல். அல்ஜீரியாவில் இருந்து பிழைக்க வந்த மனிதர். கதவில் ஒட்டியிருந்த அறிவிப்பு அவர் படிக்கத் தெரிந்த மொழியில் இல்லை. கைப்பிடி அவருக்குச் சுலபமாகவே மூடியது. பூட்டுக் கம்பி விழுந்ததா என்று பார்க்க ஒரு சின்னக் கண்ணாடி ஓட்டை வைத்திருந்தார்கள். அது எதற்கு என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பார்த்துச் சொல்ல வேண்டியவர்களும் அன்று பார்க்கவில்லை.

விசாரணையில் வெளிவந்தது இதுதான். கைப்பிடியைத் தப்பாக மூடவிடாமல் தடுக்கும் ஒரு தகடு, விண்ட்சருக்குப் பிறகு புல்லட்டினில் சொல்லப்பட்டது. இந்த விமானம் தொழிற்சாலையை விட்டு வெளியேறியது 1972 டிசம்பரில். தகடு பொருத்தியாச்சு என்று ஆவணத்தில் ஆய்வாளர்களின் முத்திரை இருந்தது. விமானத்தில் தகடு இல்லை. அதுக்கும் மேலே, பூட்டுக் கம்பிகள் தவறாகச் சரிசெய்யப்பட்டிருந்ததால் கைப்பிடியை மூடப் பெரிய பலம்கூட தேவைப்படவில்லை. அந்தத் தொழிலாளி மேல் குற்றம் இல்லை என்பதுதான் முடிவு.

ஆப்பிள்கேட் எழுதிய குறிப்பும் அதன் பிறகு நடந்த நஷ்டஈட்டு வழக்கில்தான் வெளியே வந்தது.

பிறகு என்ன மாறியது?

மாறியது நிறைய. கதவு மாற்றங்கள் உடனே கட்டாயமாகின. 1975ல், அகலமான விமானங்கள் எல்லாவற்றிலும் தரையைப் பலப்படுத்தவும் காற்று வழி வைக்கவும் எஃப்ஏஏ உத்தரவு போட்டது. பெரிய விமானத்தில் ஜன்னலோர இருக்கையில் உட்கார்ந்தால், காலுக்குப் பக்கத்தில் சுவரில் கிரில் மாதிரி ஒன்று இருக்கும், பார்த்திருப்பீங்க. மேலே கீழே அழுத்தம் சமமாக அதுவும் ஒரு வழி.

ஆனால் பழக்கம் அவ்வளவு சீக்கிரம் மாறவில்லை. 1979 மே 25, சிகாகோவில் இன்னொரு டிசி-10, இடது இஞ்சின் பிய்ந்து விழுந்து 273 பேர் இறந்தார்கள். இஞ்சினையும் அதைத் தாங்கும் பகுதியையும் தனித்தனியாகக் கழற்று என்றது கையேடு. நேரம் மிச்சம் என்று அமெரிக்கன் ஏர்லைன்ஸ் இரண்டையும் சேர்த்து ஃபோர்க்லிஃப்ட்டில் கழற்றியது, விரிசல் விட்டது. அதே முறையால் அதே சேதம் அதற்கு முன்பே கான்டினென்டல் ஏர்லைன்ஸில் நடந்திருந்தது. பராமரிப்புத் தவறு என்று அங்கே முடித்துவிட்டார்கள். 1970ல் கேட்ட அதே வாக்கியம்.

737 மேக்ஸ் நமக்கெல்லாம் தெரிந்த கதை. 2018 அக்டோபரில் லயன் ஏர், 189 பேர். நவம்பரில் விமானிகளுக்கு அறிவுறுத்தல் வந்தது, விமானத்தை நிறுத்தவில்லை. மென்பொருளைத் திருத்தாமல் விட்டால் இந்த ரக விமானங்களின் ஆயுளில் சுமார் 15 விபத்து நடக்கலாம் என்று எஃப்ஏஏவின் சொந்தக் கணக்கே டிசம்பரில் சொன்னது. 2019 மார்ச்சில் எத்தியோப்பியன் ஏர்லைன்ஸ், 157 பேர். இரண்டையும் கூட்டிப் பாருங்க: 346. பாரிஸில் போன அதே எண்ணிக்கை. தற்செயல்தான். இருந்தாலும் பேப்பரில் கூட்டிப் பார்த்தபோது கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

விமானப் பயணம் இன்றைக்கு மிகப் பாதுகாப்பானது. பயந்துகொண்டு ஏற வேண்டியதில்லை. அந்தப் பாதுகாப்பு வந்ததே இப்படிப்பட்ட விசாரணை அறிக்கைகளால்தான். அடுத்த முறை ஒரு விபத்துச் செய்தியில் ‘ஊழியரின் தவறு’ என்று முதல் நாளே வந்தால், உடனே நம்பிவிடாதீங்க. இதற்கு முன் எங்காவது, யாருக்கும் எதுவும் ஆகாமல், இதே மாதிரி நடந்திருக்கிறதா, அப்போது யார் என்ன செய்தார்கள் என்று தேடிப் பாருங்க. பல நேரம் பதில் அங்கேதான் இருக்கும்.

அடுத்த எபிசோடில் இதற்கும் முந்தைய கதை: காமெட் ஜெட் விமானம். அதில் 1953ல் கல்கத்தா பக்கத்தில் நடந்த விபத்தும் வரும்.