சினைக்குதிரையும் அரக்கு நிற மாத்திரையும்

கனடாவின் மானிடோபா மாகாணத்தில் குளிர்காலம் நெருங்கியதும் சினைக்குதிரைகளைக் கொட்டிலுக்குள் கொண்டுவந்து கட்டுவார்கள். மூத்திரம் சேகரிக்க ஒவ்வொரு குதிரைக்கும் ஒரு ரப்பர் பை, அதிலிருந்து ஒரு குழாய். ஏறக்குறைய ஆறு மாதம் பெரும்பாலும் அந்தக் குறுகிய இடத்திலேயே கழியும். குட்டி போடும் பருவம் நெருங்கியதும் வெளியே விடுவார்கள். சேர்ந்த மூத்திரம் பிரான்டன் நகரத்துத் தொழிற்சாலைக்குப் போகும். அதிலிருந்து பிரித்தெடுத்த ஈஸ்ட்ரோஜன்களைக் கொண்டு செய்த அரக்கு நிற மாத்திரைதான் பிரிமாரின். மாதவிடாய் நிற்கும் வயதில் வரும் திடீர்ச் சூட்டுக்கும் வியர்வைக்கும் அரை நூற்றாண்டுக்கு மேலாக விற்றுவரும் மருந்து.

கும்பகோணத்தில் மருந்துக்கடை வைத்திருந்தவள் நான். கூட்டம் குறையும்வரை ஓரமாக நின்றுவிட்டு, "குப்புன்னு வேர்க்குதுக்கா, ராத்திரியெல்லாம் தூக்கமே இல்ல, ஏதாவது குடுங்க" என்று கேட்ட பெண்கள் ஏராளம். டாக்டரைப் பாருங்கள் என்றால், "இதுக்கெல்லாமா டாக்டர்?" என்பார்கள். போனவர்களிலும் சிலர் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "இதப் போட்டா கேன்சர் வருமாமே" என்று தயங்குவார்கள். அந்தப் பயத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது.

ஹார்மோன் என்ற ஒன்று இருப்பதே தெரியாத 19-ம் நூற்றாண்டில், மாதவிடாய் நின்றபின் வெளியேறாத ரத்தம் உடம்பில் தேங்கிக் கெடுதல் செய்கிறது என்று மேலைநாட்டு மருத்துவர்கள் பலர் நம்பினார்கள். அட்டை விட்டு ரத்தம் எடுத்தார்கள். அமெரிக்காவில் இதற்கு வேறு வழி தேடிய பெண்கள் லிடியா பிங்கத்தின் கஷாயத்தை வாங்கினார்கள். மாசசூசெட்ஸின் லின் நகரத்தில் வேர்களைக் கொண்டு வீட்டில் தயாரித்து, 1875-ல் விற்கத் தொடங்கினார் அவர். அதில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகச் சாராயம். உடம்பைப் பற்றி என்ன சந்தேகமானாலும் எழுதிக் கேளுங்கள் என்று விளம்பரம் செய்தார்கள், கடிதங்கள் குவிந்தன. அவர் 1883-ல் இறந்த பிறகும் அவர் பெயராலேயே பதில் போய்க்கொண்டிருந்தது. 1905-ல் 'லேடீஸ் ஹோம் ஜர்னல்' பத்திரிகை அவருடைய கல்லறையைப் படமாக அச்சிட்டு அதை அம்பலப்படுத்தியது. மருந்தைக் குறை சொல்லலாம். அந்தக் கடிதங்களை நினைத்தால்தான் எனக்கு நெஞ்சு அடைக்கிறது. முகம் தெரியாத ஒருத்திக்கு அத்தனை பேர் எழுதினார்கள் என்றால், வீட்டில் அவர்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

1929-ல் ஈஸ்ட்ரோஜன் வகையைச் சேர்ந்த ஈஸ்ட்ரோன் என்ற ஹார்மோனை அமெரிக்காவில் டாய்ஸியும் ஜெர்மனியில் பூட்டனாண்டும் தனித்தனியே பிரித்தெடுத்தார்கள். மாண்ட்ரியலில் மெக்கில் பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் கோலிப் மனித நஞ்சுக்கொடியிலிருந்து ஒரு மருந்து தயாரித்தார்; தேவைக்கு அது கட்டுப்படியாகவில்லை. சினைக்குதிரையின் மூத்திரத்தில் ஈஸ்ட்ரோஜன் மிகுதி என்று 1930-ல் பெர்ன்ஹார்ட் சோண்டெக் காட்டியிருந்தார். அந்த வழியில் பிரிமாரின் 1941-ல் கனடாவிலும் 1942-ல் அமெரிக்காவிலும் விற்பனைக்கு வந்தது. வேலையும் செய்தது. இன்றுவரை இந்தச் சூட்டைத் தணிப்பதில் ஈஸ்ட்ரோஜனை மிஞ்சிய மருந்து இல்லை.

1966-ல் நியூயார்க் டாக்டர் ராபர்ட் வில்சன் 'ஃபெமினின் ஃபாரெவர்' என்ற புத்தகம் எழுதினார். மாதவிடாய் நிற்பது குறைபாட்டு நோய், ஆயுள் முழுக்க ஹார்மோன் போட்டால் இளமை போகாது என்றார். அவருடைய அறக்கட்டளைக்கு மருந்து நிறுவனங்கள் பணம் கொடுத்தது பின்னால் வெளிவந்தது. இயற்கையாக நடக்கிற ஒன்றை நோய் என்று சொல்லி, கணவனுக்குப் பிடித்தமானவளாக இருப்பதற்கு மாத்திரை விற்றதை என்னால் மன்னிக்க முடியவில்லை. 1975-ல் இரண்டு ஆய்வுகள், தனி ஈஸ்ட்ரோஜன் கருப்பையின் உட்சுவரில் புற்றுநோய் வரும் வாய்ப்பைப் பல மடங்கு கூட்டுவதாகக் காட்டின. அதன் பிறகுதான் கருப்பை உள்ளவர்களுக்குப் புரோஜெஸ்டின் என்ற இன்னொரு ஹார்மோனையும் சேர்த்துக் கொடுக்கும் வழக்கம் வந்தது.

பெரிய அதிர்ச்சி 2002 ஜூலையில். அமெரிக்க அரசின் 'விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ்' ஆய்வில் 16,608 பெண்களைப் பிரித்து, பாதிப் பேருக்கு இரண்டு ஹார்மோனும் மற்றவர்களுக்கு வெற்று மாத்திரையும் கொடுத்துவந்தார்கள். சராசரியாக 5.2 ஆண்டு ஆனபோதே நிறுத்திவிட்டார்கள். மார்பகப் புற்றுநோய் 26 சதவீதம் கூடுதல் என்று உலகமெங்கும் செய்தி. உண்மைக் கணக்கு இது: ஆண்டுக்கு 10,000 பேரில் வெற்று மாத்திரை போட்டவர்களில் 30 பேருக்கு வந்தது, ஹார்மோன் போட்டவர்களில் 38 பேருக்கு வந்தது. மாரடைப்பும் பக்கவாதமும் கொஞ்சம் கூடின. இடுப்பெலும்பு முறிவு குறைந்தது. இன்னொரு விஷயம், அந்தப் பெண்களின் சராசரி வயது 63. முதல் வியர்வை வந்து பத்து வருஷம் தாண்டியவர்கள் பலர். நாள்பட்ட நோய்களைத் தடுக்குமா என்று பார்க்க நடத்திய ஆய்வு அது. 48 வயதில் தூக்கம் கெட்டுத் தவிப்பவளுக்கான கேள்வியை அது கேட்கவே இல்லை. பதில் மட்டும் அவள்மேல் வந்து விழுந்தது. எழுதிக்கொடுப்பதையே டாக்டர்கள் பலர் நிறுத்தினார்கள். மானிடோபாவிலும் பக்கத்து மாகாணங்களிலும் குதிரைப்பண்ணைகளில் பெரும்பாலானவை ஒப்பந்தம் இழந்தன.

எங்கள் ஊர்ப் பக்கம் அந்தப் பயத்தால் அதிகம் நஷ்டப்பட்டவர்கள் சின்ன வயதிலேயே கருப்பையோடு சினைப்பையையும் எடுத்துக்கொண்டவர்கள். முப்பத்தெட்டு வயதில் அறுவை முடிந்த அன்றே அவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் அடியோடு குறைந்துவிடும். எலும்பையும் இதயத்தையும் காக்க, வேறு தடை இல்லையென்றால், இயல்பாக மாதவிடாய் நிற்கும் வயதுவரை ஹார்மோன் தேவைப்படுவது இவர்களுக்குத்தான். "எல்லாத்தையும் எடுத்தாச்சு, இனி ஒரு தொல்லையும் இல்ல" என்று சொல்லி அனுப்பப்பட்டவர்கள் என் கடைக்கு மூட்டுவலித் தைலம் வாங்க வந்தார்கள்.

பின்னாளில் அதே ஆய்வின் கணக்குகளை வயதுவாரியாகப் பிரித்துப் பார்த்தார்கள். 60 வயதுக்குள், அல்லது மாதவிடாய் நின்று பத்தாண்டுக்குள் தொடங்கினால், தொல்லை அதிகம் உள்ள பெரும்பாலோருக்கு நன்மைதான் கூடுதல் என்று மருத்துவச் சங்கங்கள் இப்போது சொல்கின்றன. மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், ரத்தக்கட்டு வந்தவர்கள், ஈரல் கெட்டவர்கள் தவிர்க்க வேண்டும். தோலில் ஒட்டும் பட்டையும் தடவும் ஜெல்லும் மாத்திரையைவிட ரத்தக்கட்டு அபாயம் குறைந்தவை.

சூடு ஏன் வருகிறது என்பதே நெடுங்காலம் புரியவில்லை. அரிசோனாவில் நவோமி ரான்ஸ், இறந்துபோன பெண்களின் மூளையில் ஹைப்போதலாமஸ் பகுதியைப் பார்த்தபோது, மாதவிடாய் நின்றவர்களிடம் சில நரம்பணுக்கள் பருத்திருந்தன. உடல் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் இடத்தோடு அவற்றுக்குத் தொடர்பு உண்டு. அந்தத் தடத்தில் போய் உருவாக்கிய, ஹார்மோன் இல்லாத ஃபெசோலினெட்டன்ட் என்ற மாத்திரைக்கு 2023-ல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. ஈரலைச் சோதித்துக்கொண்டே போட வேண்டிய மருந்து.

கடையை விட்ட பிறகும் என்னிடம் கேட்க வருகிறார்கள். கேழ்வரகைச் சேருங்கள், அதில் 100 கிராமுக்கு 340 மில்லிகிராம் அளவுக்குச் சுண்ணாம்புச்சத்து இருக்கிறது என்பேன். வெயில் படும்படி வேகமாக நடங்கள், குடத்தையோ மணல்பையையோ தூக்கித் தசைக்கு வேலை கொடுங்கள் என்பேன். ஹார்மோன் என்றால் உங்கள் வயதையும் வீட்டில் யாருக்கு என்ன நோய் வந்தது என்பதையும் டாக்டரிடம் முழுதாகச் சொல்லி, ஏன் வேண்டும், ஏன் வேண்டாம் என்று கேளுங்கள் என்பேன். மாதவிடாய் நின்று ஒரு வருஷம் ஆனபின் ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும், "பழையபடி வந்துடுச்சு போல" என்று இருந்துவிடாதீர்கள். அந்த வாரமே போய்க் காட்டுங்கள்.