முப்பதிலும் ஐம்பதிலும் எழுத்துக்கூட்டியவர்கள்

வெளிநாடுகளில் வாழும் எமது பழைய மாணவிகளுடன் பேசும்போது ஒரு பெருமூச்சு அடிக்கடி காதில் விழும்: "இந்த வயதில் இன்னொரு பாஷையோ?" இந்தப் பெருமூச்சுக்கு எமது மண்ணில் இரு நூற்றாண்டு வரலாறு உண்டு.

யாழ்ப்பாணத்தில் பெண்களுக்குப் பள்ளிக்கூடம் அமைத்தவர்கள் சிலரே வளர்ந்த பின் மொழி கற்றவர்கள்தான். அமெரிக்க மிசனைச் சேர்ந்த மைரன் வின்சிலோ 1820 இல் இங்கு வந்தபோது அவருக்கு வயது 30. அவருடைய மனைவி ஹரியற் 1824 இல் உடுவிலில் மகளிர் விடுதிப் பாடசாலையைத் தொடங்கினார். வின்சிலோவின் தமிழ் - ஆங்கில அகராதி 67,000 இற்கு மேற்பட்ட சொற்களுடன் 1862 இல் சென்னையில் வெளிவந்தது. அப்போது அவர் எழுபதைக் கடந்திருந்தார். முன்னவர்கள் தொடங்கிவைத்த வேலையும் தமிழறிஞர்களின் உழைப்பும் அதில் அடங்கியிருந்தன. தனியே இருந்து எவரும் ஒரு மொழியைப் பிடித்துவிட முடியாது.

எலைசா அக்னியூ அம்மையார் 1840 இல் வந்தபோது முப்பதைத் தாண்டியவர். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் உடுவில் பாடசாலையை நடத்தினார். ஒருமுறைகூடத் தாயகம் திரும்பவில்லை. முதல் மாணவிகளின் பிள்ளைகளையும், சிலருடைய பேரப்பிள்ளைகளையும் படிப்பித்தார். விடுமுறைக் காலங்களில் பழைய மாணவிகளின் வீடுகளுக்குப் போய்வந்தார்.

அடுத்த காட்சி வேறு. 1956 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சட்டம் சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கியது. ஆங்கிலத்தில் படித்து, ஆங்கிலத்தில் பரீட்சை எழுதி அரச சேவையில் சேர்ந்த தமிழர், நடுவயதில் சிங்கள எழுத்துக்களைப் பழக வேண்டியதாயிற்று. சித்தியடையாவிடின் சம்பள ஏற்றம் நின்றுவிடும். கோடீஸ்வரன் என்ற அரச ஊழியர் பரீட்சைக்குத் தோற்ற மறுத்தார். 1962 இல் அவருடைய சம்பள ஏற்றம் நிறுத்தப்பட, நீதிமன்றம் சென்றார். வழக்கு லண்டன் பிரிவிக் கவுன்சில் வரை போனது. தமிழும் அரசகரும மொழியென அரசியலமைப்பில் எழுதப்பட 1987 வரை காத்திருக்க நேர்ந்தது.

சிங்களம் இனிய மொழி. அயலவரிடமும் தோழியரிடமும் அதை விரும்பிக் கற்றவர்கள் எம்மிலும் உண்டு. ஆனால் சட்டம் கொடுத்தது பரீட்சையை மட்டுமே. பிழையாகப் பேசினாலும் பொறுமையுடன் கேட்க ஒரு ஆளை அது கொடுக்கவில்லை. அதனால் மொழி பலருக்குத் தண்டனையாகத் தோன்றியது.

1983 இற்குப் பின் எமது சகோதரிகள் உலகெங்கும் சிதறினர். சுவிற்சர்லாந்தில் குடியுரிமை பெற, 2018 முதல் பேச்சில் பி 1, எழுத்தில் ஏ 2 தரம் வேண்டும். அங்கு ஜேர்மன் பேசும் பகுதிகளில் வகுப்பில் படிப்பது ஒரு ஜேர்மன், சந்தையில் கேட்பது வேறொரு ஜேர்மன். செந்தமிழைப் புத்தகத்தில் படித்து வீட்டில் யாழ்ப்பாணத் தமிழ் பேசி வளர்ந்த எமக்கு இது புதிதல்ல. ஆனாலும் வைத்தியரிடம் தன் நோயைச் சொல்லப் பத்து வயது மகனை மொழிபெயர்க்க வைத்த தாயின் கூச்சம் சிறிதல்ல. அந்தக் கூச்சத்துடனேயே கொப்பியும் பேனையுமாக வகுப்புக்குப் போனார்களே, அதையும் இந்த நூற்றாண்டுக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இப்போது முறை மாறியிருக்கிறது. அந்நாடுகளில் பிறந்த எமது பேரப்பிள்ளைகளில் சிலர் இருபது, முப்பது வயதில் தமிழ் படிக்க வருகிறார்கள். "அம்மம்மா வந்தான்" என்று ஒரு பிள்ளை சொன்னால் நாம் சிரித்துவிடுகிறோம். பிறகு அந்தப் பிள்ளை வாய் திறப்பதில்லை. பிற மொழி பேசத் தடுமாறியபோது எம்மை முடிக்கவிட்டுக் கேட்ட ஒரு அயலவரோ ஆசிரியையோ எம்மில் பலருக்கு இருந்திருப்பார். அந்தப் பொறுமையை இந்தப் பிள்ளைகளுக்குக் கொடுப்பது எமது கடன்.