திருநெல்வேலி இந்திய மிஷனெறி சங்கம்

திருநெல்வேலி ஆங்கிலிக்கன் சபையார் 1903 பிப்ரவரி 12 அன்று பாளையங்கோட்டையில் நிறுவிய சுவிசேஷ ஊழிய அமைப்பு. ஊழியர் இந்தியர், பணம் இந்தியருடையது, நிர்வாகமும் இந்தியர் கையில் என்பது தொடக்கம் முதலே அதன் விதி. முதல் பணிக்களம், அன்றைய நிஜாம் அரசின் தெலுங்குப் பகுதியிலிருந்த தோர்ணக்கல். சங்கத்தின் முதல் செயலாளர் வேதநாயகம் சாமுவேல் அசரியா (1874–1945) பின்னாளில் அப்பகுதியின் அத்தியட்சரானார்.

தேவனிடத்தில் அன்புகூருவதையும் பிறனிடத்தில் அன்புகூருவதையும் இயேசு அடுத்தடுத்த கட்டளைகளாக வைத்ததை மத்தேயு 22ஆம் அதிகாரம் பதிவு செய்கிறது. லூக்காவின் நல்ல சமாரியன் உவமை, அந்தப் பிறன் சொந்த இனத்தானாக இருக்க வேண்டியதில்லை என்கிறது. இவ்விரு பகுதிகளும் எல்லாக் கிறிஸ்தவ ஊழியத்துக்கும் பொதுவானவை. திருநெல்வேலியில் அவற்றோடு நன்றிக்கடன் என்ற உணர்வும் சேர்ந்துகொண்டது. தங்களிடம் சுவிசேஷம் வந்து சேர்ந்தது வேறு யாரோ கொடுத்த காணிக்கையால். தேவனுக்குத் திருப்பிச் செலுத்த முடியாத அந்தக் கடனை, இன்னும் அதைப் பெறாத அயலானுக்குச் செலுத்தலாம். சங்கத்தின் வரலாறு முழுவதையும் இந்த ஒரு எண்ணத்தின் விரிவாகக் காண இடமுண்டு.

சங்கத்துக்கு முந்திய காலம் குறித்த செய்திகள் துண்டு துண்டாகவே கிடைக்கின்றன. 1778இல் ஞானஸ்நானம் பெற்ற குளோரிந்தா பாளையங்கோட்டையில் கட்டிய ஆலயம், 1790இல் குருப்பட்டம் பெற்ற சத்தியநாதனின் ஊழியம், 1799இல் உருவான முதலூர் என்னும் கிறிஸ்தவக் குடியிருப்பு ஆகியவை தொடக்க காலத்தவை. 1820இல் வந்த மிஷனெறி ரேனியஸ் காலத்தில் சபைகள் பெருகின. 1830இல் தொடங்கிய தருமசங்கம், துன்புறுத்தப்பட்ட விசுவாசிகளைக் குடியேற்ற நிலம் வாங்கிக் கொடுத்தது. 1850களில் மிஷனெறி ராக்லண்டு சிவகாசிப் பக்கம் கூடாரம் போட்டு வட திருநெல்வேலியில் ஊர் ஊராகச் சென்றபோது, தென்பகுதிச் சபைகள் தங்கள் உபதேசியார்களை முறைவைத்து அனுப்பி உதவின. இலங்கைத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளரிடையே 1854இல் தொடங்கிய ஊழியத்துக்கும் திருநெல்வேலி உபதேசியார்கள் போனார்கள். ஆக, அயலூருக்கு ஆள் அனுப்புவது இவர்களுக்குப் புதிதல்ல. 1903இல் புதிதாக வந்தது, பொறுப்பு முழுவதையும் தாங்களே ஏற்றுக்கொண்ட துணிவு.

அந்தத் துணிவுக்குத் தூண்டுதல் எங்கிருந்து வந்தது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. பரவலாகச் சொல்லப்படுவது யாழ்ப்பாணக் கதை. வாலிபர் கிறிஸ்தவ சங்கத்தின் செயலாளராயிருந்த அசரியா, 1902இல் நண்பர் ஷெர்வுட் எடியோடு யாழ்ப்பாணம் சென்றார். அங்கிருந்த தமிழ்க் கிறிஸ்தவ மாணவர்கள் தங்கள் காணிக்கையிலிருந்து கடலுக்கு இப்பால் தொண்டிக் கரைக்கு ஊழியரை அனுப்பித் தாங்கிவந்தார்கள். எண்ணிக்கையில் எவ்வளவோ பெரிய திருநெல்வேலிச் சபை அப்படி ஒன்றும் செய்யவில்லையே என்ற துக்கத்தில் அசரியா தனித்துச் சென்று ஜெபித்தார் என்றும், ஊர் திரும்பியதும் சங்கத்துக்கான வேலையைத் தொடங்கினார் என்றும் வரலாறுகள் கூறுகின்றன. எடியின் பங்கு பெரிது என்பார் ஒரு சாரார். மேலே கண்ட உள்ளூர் மரபின் இயல்பான வளர்ச்சியே இது என்பார் வேறொரு சாரார். மூன்றும் சேர்ந்தே செயல்பட்டிருக்கலாம். 1905 டிசம்பர் 25 அன்று சீராம்பூரில் பல சபையாரும் கூடி அமைத்த தேசிய மிஷனெறி சங்கத்தின் உருவாக்கத்திலும் அசரியா முன்னின்றார்.

சங்கத்தின் பணம் பெரிய கைகளிலிருந்து வரவில்லை. பனையேறிகளும் சிறு விவசாயிகளும் ஆசிரியர்களும் நிறைந்த சபைகள் அவை. உலையில் அரிசி போடும்முன் பெண்கள் ஒரு பிடியை எடுத்துத் தனிக் கலயத்தில் போட்டு வைப்பது இவ்வட்டாரச் சபைகளில் நிலைத்த வழக்கம். சேர்ந்த பிடி அரிசி ஆலயத்துக்கு வந்து காசாகும். பண்டிகைக் காலங்களில் முதல் காய்ப்பு, கோழி, முட்டை, வாழைத்தார், கருப்பட்டி எல்லாம் பீடத்தின் முன் வைக்கப்பட்டு, ஆராதனை முடிந்ததும் வெளியே ஏலம் விடப்படும். ஒரு பூசணிக்காய் சந்தை விலையைப்போலப் பல மடங்குக்குப் போவதும், எடுத்தவரே அதை மறுபடி காணிக்கையாக வைத்து இரண்டாம் முறை ஏலத்துக்கு விடுவதும் உண்டு. தோர்ணக்கல் போன ஊழியரின் சம்பளத்துக்குப் பின்னால் இத்தகைய கைகளே இருந்தன. சங்கக் கணக்கில் தொகை மட்டும் நின்றது. கலயம் வைத்த பெண்களின் பெயர்கள் ஏட்டில் ஏறவில்லை. இக்கட்டுரை அவர்களுக்குக் கொடுக்கும் இடமும் அவர்களுக்கு உரியதைவிடக் குறைவே.

1904இல் சாமுவேல் பாக்கியநாதன் முதலியோர் வரங்கல் பகுதிக்குச் சென்று பணியைத் தொடங்கினர். பாளையங்கோட்டையிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் தொலைவு. மொழி வேறு, அரசு வேறு, சோறும் குழம்பும் வேறு. தமிழர் அங்கே அயலார், தெலுங்கு கற்றே பேச வேண்டியிருந்தது. தோர்ணக்கல் ஓர் இரயில் சந்திப்பு. சிங்கரேணி நிலக்கரி வயலுக்குக் கிளைப்பாதை பிரியும் இடம். அதைச் சுற்றிய கிராமங்களில் மாலர், மாதிகர் ஆகிய சமூகத்தார் ஊருக்கு வெளியே பாளையங்களில் குடியிருந்து நிலக்காரரிடம் கூலிவேலை செய்தனர். அவர்களிடமிருந்தே முதல் சபைகள் எழுந்தன.

இதற்குப் பின் வரும் முப்பத்தைந்து ஆண்டுகளே மிக விரிவாக எழுதப்பட்டவை. கேரல் கிரகாம் 1946இல் எழுதிய அசரியாவின் வாழ்க்கை வரலாறும், சூசன் பில்லிங்டன் ஹார்ப்பர் 2000இல் வெளியிட்ட ஆய்வும் இதற்குக் காரணம்.

1909இல் அசரியா குருப்பட்டம் பெற்றுத் தாமே தோர்ணக்கல் சென்றார். செயலாளர் நாற்காலியிலிருந்து பிறரை அனுப்பியவர் தாமும் போக வேண்டும் என்று உணர்ந்ததாக அவரைப் பற்றிய நூல்கள் சொல்கின்றன. மனைவி அன்பு மாரியம்மாளும் குழந்தைகளும் உடன் சென்றனர். தொடக்கத்தில் கூடாரத்தில் குடியிருந்தனர் என்பது சபை மரபு. 1910 ஜூனில் எடின்பரோவில் நடந்த உலக மிஷனெறி மாநாட்டில் பேசிய அசரியா, இந்தியச் சபை மேலைநாட்டு ஊழியரின் தியாகத்துக்கு நன்றி சொல்லும், ஆனால் அதற்கு வேண்டியது நட்பு என்றார். அயலானை நேசிப்பது என்பது அவனைச் சமமாக உட்கார வைப்பதையும் உள்ளடக்கும் என்ற அந்தக் கருத்து அரங்கில் சிலருக்குக் கசந்தது. 1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தா புனித பவுல் பேராலயத்தில் அவர் அத்தியட்சராக அபிஷேகம் செய்யப்பட்டார். ஆங்கிலிக்கன் சபையில் இப்பதவி பெற்ற முதல் இந்தியர் அவரே. சென்னை அத்தியட்சர் ஒயிட்ஹெட் இதற்கு உறுதியாக நின்றார். எதிர்ப்பு ஐரோப்பிய ஊழியர்களிடமிருந்து மட்டும் வரவில்லை, திருநெல்வேலியிலிருந்தும் வந்தது. அதில் சாதியுணர்வின் பங்கு எவ்வளவு என்பது விவாதத்துக்குரியது.

தோர்ணக்கலில் அசரியா கையாண்ட முறைகளில் இரண்டு தனித்துச் சொல்லத்தக்கவை. முதலாவது, ஞானஸ்நான வேளையில் புதிய விசுவாசிகள் தங்கள் கையைத் தலைமேல் வைத்து, சுவிசேஷத்தைச் சொல்லாவிட்டால் தங்களுக்கு ஐயோ என்ற பவுலின் கூற்றைத் தங்கள் வாக்காகச் சொன்னார்கள். எழுத்தறியாத கூலிக்காரரும் அன்றே ஊழியர் ஆனார்கள். 1930களில் ஆண்டுக்கு ஒரு வாரம் சாட்சி வாரமாக வைக்கப்பட்டது. ஆண்களும் பெண்களும் குழுக்குழுவாகப் பக்கத்துப் பாளையங்களுக்குப் போய்ப் பாட்டாலும் பேச்சாலும் தங்கள் அனுபவத்தைக் கூறினர். கேட்டவர்களுக்குத் தெரிந்த முகங்கள் அவை. போன ஆண்டு குடித்துக் கிடந்தவன் இந்த ஆண்டு எப்படி இருக்கிறான் என்பதை ஊரே பார்த்திருந்தது.

இரண்டாவது, கிராம உபதேசியார் பயிற்சிக்குக் கணவனும் மனைவியும் சேர்ந்தே வரவேண்டும் என்ற ஏற்பாடு. மனைவிகளுக்கு வாசிப்பும் சுகாதாரமும் வேதமும் கற்பிப்பதில் அன்பு மாரியம்மாளின் உழைப்பு பெரிது. தம்பதியர் ஒரு பாளையத்தில் குடியேறினால் பகலில் பிள்ளைகளுக்குப் பள்ளியும், வயல்வேலை முடிந்து ஆட்கள் திரும்பிய பின் இரவில் விளக்கு வைத்து ஜெபமும் நடக்கும். அழுக்கு, நோய், கடன், குடி ஆகிய நான்கையும் விரட்ட வேண்டிய பேய்களாக அசரியா பேசினார். அவர் எழுதிய கிறிஸ்தவக் கொடுத்தல் பற்றிய நூலில், ஏழையும் கொடுக்க வேண்டியவனே, கொடுக்காதிருக்கச் சொல்வது அவனை அவமதிப்பது என்ற எண்ணம் ஓடுகிறது. திருநெல்வேலிக் கலயத்தின் பாடம் தெலுங்குச் சபைகளுக்கும் இவ்வாறு சென்றது.

1930களின் நடுவில் தோர்ணக்கல் அத்தியட்சாதீனத்தின் கிறிஸ்தவர் தொகை இரண்டு இலட்சத்தைத் தாண்டியதாகப் பெரும்பாலான நூல்கள் குறிப்பிடுகின்றன. இதில் 1920க்குப் பின் சேர்க்கப்பட்ட கரையோர மாவட்டங்களின் சபைகளும் அடங்கும் என்பதால், முழுவதையும் திருநெல்வேலிச் சங்கத்தின் கணக்கில் எழுதுவது பொருந்தாது.

இம்மக்கள் ஏன் வந்தார்கள் என்பது இன்னும் தீராத கேள்வி. தீண்டாமையிலிருந்து விடுதலை, பள்ளி, மானம் ஆகியவற்றை நாடியே வந்தனர் என்பது ஒரு விளக்கம். காந்தியடிகள் 1930களில் கூட்டமாக நடந்த மதமாற்றங்களை எழுத்திலும் பேச்சிலும் கடுமையாக விமர்சித்தார். ஹரிஜன மக்கள் ஆன்மிகத் தேடலால் மாறவில்லை என்பது அவர் வாதம். எளியவனுக்கும் மனச்சாட்சியும் தெரிவும் உண்டு என்பது அசரியாவின் மறுமொழி. அதே அசரியா, கிறிஸ்தவருக்குத் தனித் தொகுதி கேட்பதை எதிர்த்தார் என்பதையும் இவ்விடத்தில் நினைக்க வேண்டும். தேசப்பற்றில் இருவரும் நெருங்கியவர்கள், மதமாற்றம் என்ற இந்த ஒன்றில் விலகியே நின்றார்கள். பசியையும் விசுவாசத்தையும் ஒரு மனிதனுக்குள் தனித்தனியே பிரித்து எடுக்க இயலாது என்று பிற்கால ஆய்வாளர் சிலர் கருதுகின்றனர்.

1939 ஜனவரி 6 அன்று தோர்ணக்கல் பேராலயம் பிரதிஷ்டை செய்யப்பட்டது. கோயில் மண்டபத் தூண்களும் மசூதிக் கும்மட்டங்களும் ஒன்றாக அமைந்த கட்டடம் அது. அக்கம்பக்கத்து இந்துவும் முஸ்லிமும் அந்நியமாக உணராமல் உள்ளே வரத்தக்க கட்டடத்தை அந்தப் பாளையத்து மக்களின் காணிக்கையும் உழைப்பும் சேர்ந்து எழுப்பியது, இவ்வரலாற்றின் மிக அழகான செய்திகளுள் ஒன்று. 1945 ஜனவரி 1 அன்று அசரியா தோர்ணக்கலில் காலமானார். 1919இல் தரங்கம்பாடிக் கூட்டத்தில் அவர் முன்னின்று தொடங்கிய ஒருமைப்பாட்டு முயற்சி, அவர் மறைவுக்குப் பின் 1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபையாக நிறைவேறியது.

1945க்குப் பிந்திய காலம் குறித்து நூல்கள் சுருக்கமாகவே பேசுகின்றன. சங்கம் பிற மாநிலங்களிலும் களங்களைத் திறந்தது. 1960களில் திருநெல்வேலி வட்டாரத்து வாலிபர் ஜெபக்குழுக்களிலிருந்து நண்பர் சுவிசேஷ ஜெபக்குழு என்னும் வேறொரு அமைப்பும் வளர்ந்தது. 2003இல் சங்கம் நூற்றாண்டை எட்டியது. அதே ஆண்டில் திருநெல்வேலிப் பேராயத்திலிருந்து தூத்துக்குடி–நாசரேத் பேராயம் பிரிந்தது. தோர்ணக்கல் இன்று தென்னிந்தியத் திருச்சபையின் பேராயங்களுள் ஒன்று.