கண்டி வீதியால் வந்த வண்டில்

சவாரித் திடலில் பூட்டி நிற்கும் வண்டிலைக் கிட்டப் போய்ப் பார்த்தால் தெரியும், அது பாரம் ஏற்றுவதற்காகச் செய்யப்பட்டதல்ல. இரண்டு சில்லு, அச்சு, துலா, நுகம், ஓட்டுபவர் கால் ஊன்றச் சிறிதாய் ஓர் இடம், அவ்வளவுதான். கடையாணி கழன்றால் சில்லும் கழலும். அதனால் அனுபவப்பட்ட சவாரிக்காரர் முதலில் குனிந்து அதைத்தான் தொட்டுப் பார்ப்பார். பிறகு பூட்டாங்கயிற்றை இறுக்குவார், நாணயக்கயிற்றைக் கையில் சுற்றுவார், ஓர் அதட்டல் போடுவார். இரு பக்கமும் நிற்கும் சனம் கூவி முடிக்குமுன் ஓட்டம் முடிந்துவிடும். பொங்கலையும் சித்திரை வருடப்பிறப்பையும் ஒட்டிக் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஊர்களில் இந்த மாட்டுவண்டில் சவாரி நடக்கிறது. தூரம் சில நூறு மீற்றர்தான்.

இதே வண்டிலின் மூத்த தலைமுறை கண்ட தூரம் வேறு. 1905 தொடக்கத்தில் லெனார்ட் வுல்ஃப் என்ற இளம் ஆங்கிலேய அதிகாரி யாழ்ப்பாணத்தில் வேலை ஏற்க வந்தார். வடக்குப் புகையிரதப் பாதை அப்போது முழுமையாகவில்லை. அநுராதபுரத்தில் இறங்கி, ஆனையிறவு வரை மாடு பூட்டிய தபால் வண்டிலில் வன்னிக் காட்டைக் கடந்தார். தபால் பைகளே அவருக்கு மெத்தை. வோல்டேரின் 90 தொகுதிகளையும் சார்ள்ஸ் என்ற நாயையும் கூட்டிக்கொண்டு இலங்கைக்கு வந்தவர் அவர். அந்தப் பயணத்தைப் பிற்காலத்தில் தன் வரலாற்று நூலில் எழுதி வைத்தார். வண்டிலை இழுத்த மாடுகளைப் பற்றியும் ஓட்டிய மனிதரைப் பற்றியும் எழுதி வைக்க எவருமில்லை. எனக்கு அவர்களைப் பற்றித்தான் அறிய ஆசை.

கண்டி வீதியில் ஓமந்தை, புளியங்குளம், கனகராயன்குளம், மாங்குளம், முறிகண்டி என்று இன்று பஸ்ஸில் கண் மூடித் திறக்குமுன் போகிற பெயர்கள் எல்லாம் அன்று மாடு அவிழ்த்துத் தண்ணீர் காட்டும் இடங்கள். யானையும் கரடியும் உலவும் காடு. வெயிலுக்கு ஒதுங்கி இரவில்தான் கூடுதலாக ஓட்டம். வண்டிலின் அடியில் அரிக்கன் லாந்தர் தொங்கும். அந்த வெளிச்சம் மாட்டின் கால் விழும் இடத்தைக் காட்டும், பின்னால் வரும் வண்டிலுக்கு வழியும் காட்டும். ஓட்டுபவர் சிலவேளை அசந்து தூங்கிப்போவார். மாடு தெருவை விடாது. வற்றாப்பளைக் கண்ணகி அம்மனின் வைகாசிப் பொங்கலுக்கும் மடு மாதா திருநாளுக்கும் கூடார வண்டில்கள் சட்டி பானை, அரிசி, பிள்ளை குட்டியோடு வரிசையாகப் போன காலம் அது. முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டுப் போகும் வழக்கத்தை வண்டில்காரரிடமிருந்து லொறிச் சாரதிகளும் பஸ் சாரதிகளும் வாங்கிக்கொண்டார்கள்.

1905 ஓகஸ்ட்டில் வடக்குப் பாதை முழுமையாகத் திறந்தது. தபால் புகையிரதத்துக்கு மாறியது. வண்டில் வயலுக்குத் திரும்பியது. இரணைமடுத் தண்ணீரை நம்பிக் குடாநாட்டிலிருந்து வந்து குடியேறியவர்களின் நெல்லையும் வைக்கோலையும் அதுவே சுமந்தது. சூடு மிதித்ததும் மாடுதான்.

உலகின் மறுகோடியில் அலாஸ்காவிலும் கிட்டத்தட்ட இதே கதை நடந்தது. அங்கே காட்டுக்குப் பதில் பனி, மாட்டுக்குப் பதில் நாய். தங்கம் தேடிப் போனவர்களின் ஊர்களுக்குத் தபாலை நாய்ச்சறுக்கு வண்டிகள் கொண்டுபோயின. 1925 ஜனவரியில் நோம் என்ற ஊரில் தொண்டை அடைப்பான் பரவியது. மருந்தைப் புகையிரதம் நெனானா வரை கொண்டுவந்தது. மிச்சம் 674 மைலை 20 ஓட்டுநர்களும் ஏறத்தாழ 150 நாய்களும் கைமாற்றிக் கைமாற்றி ஐந்தரை நாளில் கடந்தார்கள். கடைசிக் கட்டத்தில் வந்த பால்டோ என்ற நாய்க்கு நியூயோர்க்கில் சிலை எழுந்தது. எல்லாரையும்விட நீண்ட, ஆபத்தான தூரத்தை ஓடிய டோகோவின் பெயர் வெளியே வர வெகுகாலம் பிடித்தது.

பிறகு பனியில் ஓடும் இயந்திரம் வந்தது, நாய்கள் தேவையற்றுப் போயின. அவற்றை அழியவிடக் கூடாது என்று ஜோ ரெடிங்டன் என்பவர் பாடுபட்டார். 1973இல் அங்கரேஜிலிருந்து நோம் வரை, சுமார் 1,000 மைலுக்கு, இடிட்டராட் என்ற நாய்ச்சறுக்கு ஓட்டம் தொடங்கியது. முதலில் வந்தவருக்கு 20 நாள் எடுத்தது. அந்த ஓட்டத்தில் கடைசியாக வருபவருக்கும் ஒரு சிவப்பு லாந்தர் பரிசு உண்டு. அவர் ஊர் சேரும்வரை முடிவிடத்தில் ஒரு விளக்கை அணைக்கமாட்டார்கள். வழியில் இருக்கும் ஓட்டுநர் வந்து சேரும்வரை விளக்கேற்றிக் காத்திருந்த பழைய வழிவிடுதிகளின் வழக்கத்தை அவர்கள் விளையாட்டுக்குள்ளும் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள்.

வன்னியில் மாட்டை ஒதுக்கியது ரக்ரரும் லான்ட்மாஸ்ரரும். ஆனால் அலாஸ்கா காணாத ஒன்றை வன்னி கண்டது. 1990க்குப் பிறகு போர்க்காலப் பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல் இல்லை. சில துளி பெற்றோலை விட்டு ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார்சைக்கிள்களை வன்னிச் சனம் மறக்காது. மூலையில் கிடந்த வண்டில்கள் அந்த நாளில் திரும்பத் தெருவுக்கு வந்தன. விறகும் நெல்லும் ஏற்றின, நோயாளரையும் ஏற்றின. 2008 கடைசியில் சனம் கிழக்கு நோக்கி இடம்பெயர்ந்தபோது ரக்ரர், சைக்கிள்களோடு வண்டில்களும் புதுக்குடியிருப்புப் பக்கம் போயின. அது வண்டிலின் மிகக் கொடிய பயணம். 2009 மே மாதத்தில் போர் முடிந்தபோது சனம் போன முகாமுக்குள் மாட்டுக்கு இடமிருக்கவில்லை. ஆயிரக்கணக்கான மாடுகள் ஆளில்லாத வயல்களில் அலைந்தன. வன்னியில் மாட்டுக்குக் குறி சுடுவது பழைய முறை. தொடையில் தழும்பான அந்த எழுத்தை வைத்துத்தான் சொந்தக்காரர் தன் மாட்டைத் தேட வேண்டும். தேடியும் கிடைக்காதவர்கள் பலர்.

அப்படி இழந்த மண்ணில் சவாரி திரும்ப நடப்பது எனக்குப் பெரிய காரியமாகத் தெரிகிறது. மீளக்குடியேறிய கையோடு நாம்பன் வாங்கி, சோடி சேர்த்து, எள்ளுப் பிண்ணாக்கும் உழுந்தும் வைத்துத் தேற்றியவர்களுக்கு அதில் வருமானமில்லை. மாட்டின் மேல் இருந்த பற்றுத்தான் செய்ய வைத்தது. இன்று சவாரி மாட்டை லொறியில் ஏற்றித் திடலுக்குக் கொண்டுவருகிறார்கள். களைக்கக் கூடாதாம். அந்தக் கரிசனை திடலுக்குள்ளும் இருக்க வேண்டும். துவரங்கேட்டியின் நுனியில் ஆணி வைத்துக் குத்துவதையும் வாலை முறுக்கிக் கடிப்பதையும் பழக்கம் என்று சொல்லி விட்டுவிட முடியாது. மிருக வதையைத் தடுக்கும் சட்டம் இந்த நாட்டில் 1907இலிருந்தே இருக்கிறது. இடிட்டராட்டிலும் நாய்கள் செத்திருக்கின்றன, கண்டனம் எழுந்திருக்கிறது. அதன் பிறகே தங்குமிடம் தோறும் மிருக வைத்தியர்கள் நாய்களைப் பரிசோதிப்பது இறுகியது. 24 மணிநேர ஓய்வு ஒன்றைக் கட்டாயம் எடுக்க வேண்டும், களைத்த நாயை வழியில் ஒப்படைத்துவிட வேண்டும்.

சவாரிச் சங்கங்களிடம் நான் கேட்பது இரண்டு. திடலில் வண்டில் பூட்டுமுன் ஒரு மிருக வைத்தியர் மாட்டைப் பார்க்கட்டும், கேட்டியையும் பார்க்கட்டும். இரண்டாவது, வருடத்தில் ஒருமுறை ஒரு நெடுந்தூர ஓட்டம் வையுங்கள். ஓமந்தையிலிருந்து முறிகண்டி வரை, கண்டி வீதிக்குப் பக்கத்துக் கிராமத்துத் தெருக்களால், குளத்துக்குக் குளம் அவிழ்த்து ஓய்வு கொடுத்து, இரண்டு மூன்று நாளில் போகட்டும். நேரத்தைப் பார்க்காமல், மாடு எந்த நிலையில் வந்து சேர்ந்தது என்று பார்த்துப் பரிசு கொடுங்கள்.